சொரியாசிஸுக்கு எது பத்தியம்?

கேள்வி: வயது 41. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். ஒன்பது வருடமாக சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்பக்கம் எல்லாம் இருக்கிறது. மார்கழி வந்தால் அதிகமாகிவிடும். தோல் டாக்டர் களிம்பும், வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையும் கொடுத்தார். ஆறு மாதம் போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அது உடம்பைக் கெடுத்துவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் வேறொருவரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு பொடி கொடுத்து, கரப்பான் பண்டம் எதையும் தொடக்கூடாது என்றார். இரண்டு வருடமாகக் கத்திரிக்காய், மீன், கருவாடு, முட்டை, பால், தயிர், வேர்க்கடலை எதுவும் கிடையாது. ரசம் சோறும் அப்பளமும்தான். படை குறையவில்லை. எடைதான் 70 கிலோவிலிருந்து 78 ஆகிவிட்டது (உயரம் 155 செ.மீ.). நடக்கச் சொல்கிறார்கள். வியர்த்தால் எரிகிறது, எதிரே வருகிறவர்கள் கையையே பார்க்கிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டுதானே வேலை செய்கிறேன், அது போதாதா? எடை குறைந்தால் மருந்தை விட்டுவிடலாமா? வீட்டில் என் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒட்டாது. தட்டில் ஒட்டாது, துண்டில் ஒட்டாது, மகளை மடியில் போட்டுத் தலை வாரினாலும் ஒட்டாது. சொரியாசிஸ் கிருமியால் வருகிற நோய் இல்லை. நம் உடம்பின் காவல்படை தேவையில்லாமல் தோலைத் தூண்டிவிடுகிறது. அடியில் பிறந்த தோல் செல் மேலே வந்து உதிர வழக்கமாக நாலு வாரம் ஆகும். இந்த நோயில் அது மூன்று, நான்கு நாளிலேயே மேலே வந்துவிடுகிறது. முதிராமல் வந்தது அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. அவ்வளவுதான். பரம்பரைக் கூறு கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு இருந்தும் வராத பிள்ளைகள்தான் அதிகம். இந்தப் பத்தியை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தட்டு இன்றைக்கே மற்ற தட்டுகளோடு அலமாரிக்குப் போகட்டும்.

சரி, பத்தியத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. தினமும் மதியம் நூறு பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுக்கிறவர் நீங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் எடுத்து வைக்கிறவர் நீங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எது சத்து என்று தெரிந்த நீங்கள், உங்கள் தட்டில் இரண்டு வருடமாக ரசமும் அப்பளமும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். படையும் குறையவில்லை. அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கரப்பான் பண்டம் என்கிற பேச்சை நான் கேலி செய்ய மாட்டேன். நம் ஊரில் கரப்பான் என்ற ஒரே சொல்லுக்குள் பல தோல் நோய்கள் அடங்கியிருக்கின்றன. இறால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிப்பவர் உண்டு. கத்திரிக்காய் நாக்கில் பட்டாலே வாய் அரிக்கிறவரும் உண்டு. அது ஒவ்வாமை. அவர்கள் அந்தப் பண்டத்தை விடத்தான் வேண்டும். சொரியாசிஸ் அந்த வழியில் வருவதில்லை. கத்திரிக்காயை விட்டால் சொரியாசிஸ் குறையும் என்று நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் காட்டவில்லை. முட்டைக்கும் தயிருக்கும் அதே கதைதான். தனக்கு இன்னது ஆகவில்லை என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அந்த ஒரே பொருளை மட்டும் ஒரு மாதம் நிறுத்தி, நிறுத்தும் முன்னும் பின்னும் அதே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். வித்தியாசம் தெரிந்தால் விடட்டும். இல்லையென்றால் திரும்பச் சாப்பிடட்டும். ஒரே நாளில் ஏழு பொருளை நிறுத்தினால், எது காரணம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொன்றும் உங்கள் காதுக்கு வந்திருக்கும்: குளூட்டன் இல்லாத உணவு. குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் உள்ள ஒரு புரதம். அரிசியில் அது கிடையாது. கோதுமையால் குடல் பாதிக்கும் நோய் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை காட்டினால்தான் சொரியாசிஸ்காரர்கள் அதைத் தவிர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. எந்தப் பண்டம் என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் அது இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் நோயாளிகள் பத்தியம் கேட்டால், எல்லாம் சாப்பிடலாம் என்று ஒரே வரியில் அனுப்பிவைத்தேன். அது பாதி பதில்தான் என்பது பிறகு புரிந்தது. இப்போது வருந்துகிறேன்.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவற்றில் ஒன்று டிஎன்எஃப் ஆல்ஃபா. சொரியாசிஸ் படைக்குள்ளும் அதே பொருள்தான் வேலை செய்கிறது. அதை அடக்குவதற்கென்றே விலை உயர்ந்த ஊசிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் களிம்பைத் தடவி நெருப்பை அணைக்கிறோம், இன்னொரு பக்கம் இடுப்பிலிருந்து விறகு போய்க்கொண்டே இருக்கிறது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு உங்களுக்கு 32-க்கு மேல் வருகிறது. இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்து, காலண்டரில் குறித்து வையுங்கள்.

எடை குறைந்தால் தோல் எவ்வளவு தெளியும் என்று கேட்பீர்கள். இத்தாலியில் எடை கூடிய 303 சொரியாசிஸ் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். 2014-ல் வெளிவந்தது. எல்லோருமே மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டவர்கள். ஒரு பாதிப் பேருக்கு 20 வாரம் உணவுத் திட்டமும் உடற்பயிற்சியும். மறு பாதிக்கு எடை குறைப்பது நல்லது என்று எடுத்துச் சொன்னதோடு சரி. முதல் கூட்டத்தில் நோயின் கடுமை 48 சதவீதம் இறங்கியது, இரண்டாவதில் 25 சதவீதம்தான். அதற்கு முந்தைய வருடம் டென்மார்க்கில் 60 பேரிடம் செய்த ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் 16 வாரத்தில் சுமார் 15 கிலோ குறைத்தார்கள். படை குறைந்தது, ஆனால் மருத்துவக் கணக்கில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. நோயினால் அன்றாடம் படும் அவதி மட்டும் தெளிவாகக் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்றை மட்டும் சொல்லி ஆசை காட்டக்கூடாது. எடைக் குறைப்பு மருந்துக்குக் கை கொடுக்கும். மருந்தின் இடத்தில் போய் உட்காராது.

உங்களுக்கு முதல் இலக்கு நாலு கிலோ. 78-ல் அது ஐந்து சதவீதம். நாலைந்து மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம்.

அதை எங்கிருந்து எடுப்பது? சோற்றிலிருந்து. நம் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் குழம்புக்குச் சோறு. குழி பறித்து ரசம் விட மறுபடி சோறு. கடைசியில் மோருக்கு இன்னொரு கை. மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கரண்டி தாராளமாகவே இறங்கும். 100 கிராம் சோறு சுமார் 130 கலோரி. மூன்று தடவையும் சேர்ந்தால் ஒரு வேளைக்கே 400, 500 கிராம் போய்விடுகிறது. என் நோயாளிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குழம்புக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ளுங்கள், ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மூன்றும் இருக்கும், சாப்பிட்ட திருப்தியும் இருக்கும். இரண்டு கை சோறு மட்டும் காணாமல் போகும். ஒரு நாளைக்கு 300, 400 கலோரி இதிலேயே கழியும். கைக்குத்தல் அரிசிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் மாறினால் நல்லதுதான், நார்ச்சத்து கூடும். ஆனால் கறுப்புக் கவுனி என்பதற்காக மூன்று கை போட்டுக்கொண்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

குறைத்த இடத்தைக் காலியாக விடாதீர்கள், பசியில் நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுவீர்கள். சம்பா அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைக்கிற ஊர் நம் ஊர். விளைந்ததை மூட்டை கட்டி விற்றுவிட்டு, தட்டில் மட்டும் சோற்றைக் குவித்துக்கொள்கிறோம். ஒரு கிண்ணம் பயறு அவித்துத் தேங்காய்ப்பூ கொஞ்சமாகத் தூவிச் சாப்பிடுங்கள். தினம் ஒரு கீரை, முருங்கையோ அரைக்கீரையோ பொன்னாங்கண்ணியோ, எண்ணெய் ஒரு ஸ்பூனுக்குள். தினம் ஒரு முட்டை. பாலும் தயிரும் திரும்ப வரட்டும். மீன் சாப்பிடும் வீடு என்பதால் சொல்கிறேன், நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியும் அயிலையும் விலையிலும் சல்லிசு, நல்ல கொழுப்பும் அவற்றில்தான் அதிகம். வாரம் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் காசு செலவழிக்காதீர்கள், சொரியாசிஸுக்கு அது பயன்படும் என்று சொல்லும்படி ஆய்வு முடிவுகள் இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம், எப்போதாவது போதும். கத்திரிக்காய் ஆசையாக இருந்தால் பொடி அடைத்த கறியாக வேண்டாம், எண்ணெய் குடிக்கும். சாம்பாரில் போடுங்கள்.

காபியையும் கேட்டுவிடுகிறேன். பாலை விட்டவர் கடுங்காபிதான் குடித்திருப்பீர்கள். சர்க்கரை எத்தனை ஸ்பூன்? நாலு காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் ஒரு நாளைக்கே நாற்பது கிராமை நெருங்குகிறது. ஒரேயடியாக விட முடியாவிட்டால் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சாராயமும் சிகரெட்டும் இந்த நோயை நேராகவே தூண்டும். இந்த நோய்க்கு வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் ஈரல் கெடும். அதை விடாமல் கத்திரிக்காயை விட்டு என்ன பயன்?

அடுத்து நடை. பள்ளியில் நின்றபடி செய்யும் வேலை களைப்பைத் தரும், ஆனால் மூச்சு வாங்க வைக்காது. உடற்பயிற்சி என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடம். தொடக்கத்தில் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை போதும். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுங்கள். முழங்கால் படையில் வெடிப்பு இருக்கும்வரை மண்டியிட்டுச் செய்யும் எதுவும் வேண்டாம்.

வியர்வை எரிவது உண்மை. வெடித்த தோலில் உப்பு படுகிறது. நடக்கப் போகும் முன் வெடிப்பு உள்ள இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லியதாகத் தடவுங்கள். வந்தவுடன் வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் மறுபடி எண்ணெய் தடவுங்கள். பீர்க்கை நார் போட்டுத் தேய்த்துச் செதிலை உரிக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோலில் எங்கே கீறல், உராய்வு படுகிறதோ அங்கேயே புதுப் படை முளைக்கும். பூனை கீறிய கோடு மாதிரியே படை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் இடுப்பின் பின்பக்கப் படை எங்கே இருக்கிறது என்று இன்றைக்குக் கண்ணாடியில் பாருங்கள். உள்பாவாடை நாடா இறுகும் கோட்டிலேயே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். புடவை கட்டும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். நாடாவை எடுத்துவிட்டு இரண்டு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டி தைத்துக்கொள்ளுங்கள், தினம் கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே, கீழே மாற்றுங்கள். நடக்கும்போது தளர்ந்த பருத்திச் சுடிதார்.

ஆட்கள் பார்ப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஒரு வழி உண்டு. முழுக்கைச் சட்டை போட்டு, துணைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு, காலை ஏழு மணிக்கு முன் குடமுருட்டிக் கரையில் நடக்க ஆரம்பியுங்கள். தைரியம் வந்த பிறகு கையை மடித்துவிடுங்கள். அளவான வெயில் இந்தப் படைக்கு நல்லது, எங்கள் ஒளிச் சிகிச்சையே வெயிலில் உள்ள ஒரு கதிரை அளந்து கொடுப்பதுதான். கை சிவக்கும்வரை வெயிலில் நிற்காதீர்கள், சிவந்தால் அதுவும் காயம்தான். வயலில் இறங்கும் வழக்கம் இருந்தால், காலில் வெடிப்பு ஆறும்வரை சேற்றில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி வெடிப்பு வழியாக உள்ளே போகலாம்.

நடப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் விரலோ முதுகோ அரை மணிக்கு மேல் விறைத்துக் கிடக்கிறதா? ஒரு விரல் முழுசாக வீங்கியதா? குதிகால் முதல் அடியில் குத்துகிறதா? நகத்தில் தையல்காரர் விரல்தொப்பி போலச் சிறு சிறு குழிகள் இருக்கின்றனவா? நகக்குழி மட்டும் என்றால் அவசரமில்லை, டாக்டரிடம் சொல்லி வையுங்கள். மற்றவற்றில் ஏதாவது இருந்தால் அது சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம். வயசாகிவிட்டது, வேலை அதிகம் என்று தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கெடும்.

கடைசியில் மருந்து. வாரம் ஒரு நாள் மாத்திரை என்றால் பெரும்பாலும் அது மெத்தோட்ரெக்சேட். ஈரலையும் ரத்த அணுக்களையும் குறித்த இடைவெளியில் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து, அதனால்தான் சொந்தக்காரர் பயந்திருக்கிறார். பரிசோதனையோடு எடுத்தால் பல வருடம் பயமில்லாமல் எடுத்தவர்கள் ஏராளம். பழைய அட்டை வீட்டில் இருக்கிறது என்று நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். தவறிப்போய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பிருந்தால் இது கூடவே கூடாது. டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். எடை நாலு கிலோ இறங்கி, தோலும் தெளிந்தால் அளவைக் குறைப்பதை அவரே பேசுவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்தப் பொடிதான் எனக்குப் பெரிய கவலை. படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் வேறு, அவர் வெட்பாலைத் தைலம் கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், எனக்கும் தெரிந்தால் போதும். உங்களுக்குக் கிடைத்தது பெயர் ஒட்டாத பொட்டலம். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது உடம்புக்குப் பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சிவந்து சீழ்க்கொப்புளம் வரை போகலாம். அதனால் இன்றைக்கே தூக்கி எறியவும் வேண்டாம், இன்னும் பல மாதம் சாப்பிடவும் வேண்டாம். இந்த வாரமே பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் பழைய தோல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கோ போங்கள். ஈரல், சிறுநீரகம், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தமும் பார்க்கட்டும். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வருடம் ரசம் சோற்றில் இருந்தவருக்கு ரத்தம் குறைந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். படியேறும்போது மூச்சு வாங்கினால், அது எடையால் மட்டும் இல்லாமல் இருக்கலாம்.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். இடுப்பளவையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்குப் பள்ளி விட்டு வரும்போது கடையில் அரை டஜன் முட்டை வாங்கிக்கொண்டு போங்கள். அதில் முதல் முட்டை உங்களுக்கு.